ஏழு அங்குலத்தில் ஒரு வரலாறு

பழைய பொருட்களைப் பேணுவோரிடையே ஓயாத விவாதமொன்று உண்டு. தேய்ந்துபோன பாகத்தை இருந்தவாறே திருத்துவதா, அல்லது அதைவிடச் சிறந்த பாகமொன்றைப் பொருத்துவதா என்பதே அது. கோயிற் கோபுரத்துக்கும் பாட்டனார் கட்டிய வீட்டுக்கும் பொதுவான கேள்விதான். கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களைப் பொறுத்தவரை, இந்தக் கேள்வி பெரும்பாலும் ஓர் உறுப்பின் மீதே வந்து நிற்கிறது. முன்சில்லைத் தாங்கிநிற்கும் 'ஃபோர்க்' என்ற இரட்டைக்கால் அமைப்பே அந்த உறுப்பு. அதன் கதையை அறியாமல் அதை மாற்றுவது பற்றித் தீர்ப்புக் கூறுவது பொருத்தமன்று.

1924ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கம்பர்லி என்ற இடத்தில் 'ஸ்கிராம்பிள்' எனப்பட்ட போட்டி நடைபெற்றது. பின்னாளில் மோட்டோகுரொஸ் என்று உலகம் அறிந்த விளையாட்டின் தொடக்கம் அதுவே. அக்காலத்து மோட்டார் சைக்கிள்களின் முன்புறம் சட்டங்களாலும் ஒரு ஸ்பிரிங்கினாலும் ஆனதாய், சிறிதளவே மேலும் கீழும் அசையக்கூடியதாய் இருந்தது. 1935இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தனது ஆர்12 மொடலில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் வழுக்கிச் செல்ல, உள்ளேயிருக்கும் ஒயில் அந்த அசைவை அடக்கும் 'டெலஸ்கோப்பிக்' ஃபோர்க் அது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941இல், பிரித்தானிய இராணுவத்துக்கான மச்லெஸ் ஜி3/எல் வண்டியும் இவ்வகை ஃபோர்க்குடன் வந்தது. போருக்குப் பின்னர் இதுவே வழமையாயிற்று.

1957இல் 500 சி.சி. மோட்டோகுரொஸ் உலகப் பட்டப் போட்டி தொடங்கிய பின்னர், இயந்திரங்களின் வலு ஆண்டுதோறும் ஏறியது. 1960களில் இத்தாலியின் செரியானி ஃபோர்க்குக்குப் பெரும் மதிப்பு இருந்தது. வண்டியுடன் வந்த ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்திக்கொண்ட பந்தய வீரர்கள் பலர். 1968இல் யமஹா டிடி-1 சந்தைக்கு வந்தபோது, அதன் ஃபோர்க் செரியானி வகையினது என்பதே ஒரு சிறப்பாகப் பேசப்பட்டது. ஆகவே, ஃபோர்க்கை மாற்றும் பழக்கம் இன்றைய சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்த பாவம் அன்று. அந்த வண்டிகளின் காலத்திலேயே அது வழக்கத்தில் இருந்தது.

இருப்பினும், 1970களின் ஆரம்பம் வரை முன்சில்லின் அசைவு ஏறத்தாழ 7 அங்குலத்தையும், பின்சில்லின் அசைவு 4 அங்குலத்தையும் பெரிதாகத் தாண்டவில்லை. எஞ்சிய அதிர்ச்சியை ஓட்டுநரின் முழங்கால்களும் மணிக்கட்டுகளும் ஏற்றுக்கொண்டன. இந்த எல்லை பின்புறத்திலிருந்தே உடைபட்டது. பெல்ஜியப் பொறியியலாளர் லூசியன் டில்கன்ஸ் வடிவமைத்த ஒற்றை ஷொக் அப்சோபர் அமைப்பை யமஹா வாங்கியது. 1973இல் சுவீடனின் ஹோக்கன் அண்டர்சன் அந்த வண்டியில் 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டே மைகோ நிறுவனம் பின்புற ஷொக் அப்சோபர்களை முன்னோக்கி நகர்த்தியது. பின்சில்லின் அசைவு பெருகியதும் முன்சில்லு பின்தங்கியது. அதனை ஈடுசெய்ய ஃபோர்க்குகள் நீண்டன, நீண்டவை வளைந்தன, வளையாதிருக்கத் தடித்தன. 35, 36 மில்லிமீற்றராக இருந்த குழாயின் விட்டம் 1980களின் தொடக்கத்தில் 42, 43 மில்லிமீற்றர் ஆயிற்று. அசைவு 12 அங்குலத்தை எட்டியது. ஏழெட்டு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த புரட்சி இது.

இன்று அத்தகைய பழைய வண்டியொன்றை வைத்திருப்பவரின் முன் இரு வழிகள் உள்ளன. முதலாவது, பிற்காலத்து ஃபோர்க்கை முழுமையாகப் பொருத்துவது. கேட்பதற்கு எளிது. ஆனால் நீண்ட ஃபோர்க் வண்டியின் முன்புறத்தை உயர்த்துகிறது. கைபிடியின் சாய்வு மாறி, வளைவுகளில் வண்டி தாமதித்தே திரும்புகிறது. மெல்லிய குழாய்களுக்கென உருவாக்கப்பட்ட பழைய சட்டகத்தின் கழுத்து, எதிர்பாராத சுமையைத் தாங்க நேர்கிறது. அமெரிக்காவின் பழைய மோட்டார் சைக்கிள் பந்தயச் சங்கமான ஏ.எச்.ஆர்.எம்.ஏ., 1974 வரையிலான வண்டிகளுக்குரிய பிரிவுகளில் முன்னே 7 அங்குலம், பின்னே 4 அங்குலம் என்ற எல்லையை விதித்திருக்கிறது. புரட்சிக்கு முந்திய கணத்தை அந்த இரண்டு எண்களும் உறையவைத்துள்ளன என்றே கூறலாம்.

இரண்டாவது வழி, வெளித்தோற்றம் மாறாமல் உள்ளே திருத்துவது. பழைய ஃபோர்க்கினுள் ஒயில் குறித்த அளவுள்ள துளைகள் வழியாகவே செல்கிறது. அசையும் வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. எனவே பிரேக் பிடிக்கும்போது தொய்ந்து அமரும் அதே ஃபோர்க், கூரிய கல்லில் மோதும்போது இரும்புத் தடியாக இறுகிவிடுகிறது. இக்குறையைப் போக்க 'எமியுலேற்றர்' என்ற சிறு வால்வு உள்ளது. துளைகளைப் பெரிதாக்கிவிட்டு, ஒயிலை ஸ்பிரிங்கினால் அழுத்தப்பட்ட இந்த வால்வின் வழியே அனுப்பினால், வேகமான அடியின்போது வால்வு அகலத் திறந்து வழிவிடுகிறது. ஓட்டுநரின் நிறைக்கேற்ற ஸ்பிரிங்குகளையும் புதிய ஒயில் சீல்களையும் சேர்த்துக்கொண்டால், ஏழு அங்குலத்துக்குள்ளேயே மணிக்கட்டுகள் பிழைத்துக்கொள்ளும். துளையிடுவதற்கு மட்டும் வேறொரு தண்டை வாங்கிக்கொள்வது நன்று. வண்டியுடன் வந்த தண்டு தீண்டப்படாமல் இருக்கும். விரும்பிய நாளில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

என்னைப் பொறுத்தவரை இரண்டாவது வழியே வரலாற்றுக்கும் உடலுக்கும் ஒருங்கே நீதி செய்கிறது. ஓட்டப்படாமல் கண்ணாடிக்குள் நிற்கும் வண்டி பாதி உண்மையையே சொல்லும். அடையாளம் இழக்கும்வரை மாற்றப்பட்ட வண்டியோ பொய்யையே சொல்லும். செய்தித்தாளில் நீண்டகாலம் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பிழை திருத்தம் செய்வது தவறன்று. திருத்தப்பட்டது என்பதை மறைப்பதே தவறு. கழற்றிய பாகங்களை ஒரு பெட்டியிலிட்டு, எப்போது, எதற்காகக் கழற்றினோம் என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், நமக்குப் பின் அந்த வண்டிக்கு உரியவராகப் போகிறவர் நம்மை நன்றியுடன் நினைப்பார்.