நியூ மெக்சிகோவின் பதிவெண் பலகைகள்: மரபுச் சுற்றுலாவும் மரபின் உரிமையும்

நினைவுப் பதிவெண் பலகை என்பது ஒரு வரலாற்று நிகழ்வையோ ஒரு வட்டாரத்தின் சிறப்பையோ குறிக்கும் சொற்களும் படங்களும் கொண்ட வாகன எண் பலகை ஆகும். அமெரிக்காவில் இத்தகைய பலகைகளைச் சுற்றுலா விளம்பரமாக நெடுங்காலம் பயன்படுத்திவரும் மாநிலங்களுள் ஒன்று நியூ மெக்சிகோ. ஒரு மக்களின் மரபை விளம்பரமாக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வியும் அப்பலகைகளின் வரலாற்றோடு பிணைந்துள்ளது.

பின்னணி

அமெரிக்காவில் வாகனப் பதிவு மாநில அரசுகளின் பொறுப்பு. மாநில அரசே பலகை வழங்கும் முறையை 1903இல் மாசசூசெட்ஸ் தொடங்கியது. தொடக்ககாலப் பலகைகள் வண்டியை அடையாளம் காண மட்டுமே உதவின. 1928இல் ஐடஹோ மாநிலம் தன் பலகையில் உருளைக்கிழங்கின் உருவத்தைப் பொறித்து, தன் விளைபொருளுக்கு விளம்பரம் தேடியது. எல்லை கடந்து செல்லும் ஒவ்வொரு காரும் மாநிலத்தின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் என்பதே இதன் பின்னிருந்த எண்ணம்.

நியூ மெக்சிகோ 1912 ஜனவரி 6 அன்று 47ஆவது மாநிலமாக இணைந்தது. வறண்ட நிலமும் குறைந்த மக்கள்தொகையும் கொண்ட பகுதி அது. 1926இல் சிகாகோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் இணைக்கும் 66ஆம் எண் நெடுஞ்சாலை இம்மாநிலத்தின் வழியாக வகுக்கப்பட்டது. அவ்வழியே காரில் வரும் பயணிகளைச் சில நாள் தங்கவைப்பது மாநிலத்தின் வருவாய்க்கு முக்கியமானது. 1935இல் மாநிலச் சுற்றுலா அலுவலகம் தொடங்கப்பட்டது.

சூரியச் சின்னம்

1927 முதல் நியூ மெக்சிகோவின் பலகைகளில் சூரியச் சின்னம் இடம்பெறத் தொடங்கியது. ஒரு வட்டமும், நான்கு திசைகளிலும் நான்கு நான்காக நீளும் கதிர்களும் கொண்டது இச்சின்னம். சியா என்னும் பூர்வகுடி மக்களுக்கு இது புனிதமானது. நான்கு திசைகள், நான்கு பருவங்கள், நாளின் நான்கு பொழுதுகள், வாழ்வின் நான்கு நிலைகள் ஆகியவற்றை அது உணர்த்துகிறது.

மண்சுவர் வீடுகள் நெருங்கிய ஊர்களில் வாழ்ந்த இப்பகுதிப் பூர்வகுடிகளை ஸ்பானியர் புவெப்லோ மக்கள் என்றனர். ஸ்பானிய மொழியில் புவெப்லோ என்றால் ஊர். சியா அத்தகைய ஊர்களுள் ஒன்று. சாந்தா ஃபே நகரின் மருத்துவரும் தொல்லியலாளருமான ஹாரி மேரா, சியா மக்களின் பானை ஒன்றில் கண்ட சூரிய வடிவத்தைக் கொண்டு மாநிலக் கொடியை வரைந்தார். 1925இல் அக்கொடி ஏற்கப்பட்டது. சியா மக்களிடம் அனுமதி கேட்கப்படவில்லை.

1940ஆம் ஆண்டின் பலகை

ஸ்பானியத் தளபதி பிரான்சிஸ்கோ வாஸ்கெஸ் தே கொரோனாடோ 1540இல் தங்க நகரங்களைத் தேடி இப்பகுதிக்கு வந்தார். அதன் 400ஆம் ஆண்டை நியூ மெக்சிகோ பெருவிழாவாகக் கொண்டாடியது. பயணிகளை ஈர்ப்பது விழாவின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. பல ஊர்களில் கொரோனாடோவின் வருகை நாடகமாக நடிக்கப்பட்டது. அஞ்சல் துறை சிறப்பு அஞ்சல் தலை வெளியிட்டது. 1940ஆம் ஆண்டின் வாகனப் பலகையில் கொரோனாடோ 400ஆம் ஆண்டு விழாவின் பெயரும் 1540–1940 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டன. விரும்பியவர்கள் மட்டும் வாங்கும் தனிப் பலகை அன்று அது. மாநிலத்தின் பொதுப் பலகையே அதுதான்.

பலகை சொல்லாத வரலாறும் உண்டு. கொரோனாடோவின் படைக்குத் தங்கம் கிடைக்கவில்லை. 1540–41 குளிர்காலத்தில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருந்த தீகுவெக்ஸ் ஊர்களிடம் படையினர் உணவையும் உடையையும் பறித்தனர். அதை எதிர்த்து எழுந்த மக்கள் போரில் வீழ்த்தப்பட்டனர். பிடிபட்டவர்களில் பலர் உயிரோடு எரிக்கப்பட்டனர். இக்கொடுமைகள் குறித்து ஸ்பானிய அரசே பின்னர் விசாரணை நடத்தியது. கொரோனாடோ விடுவிக்கப்பட்டார், அவருடைய படைத்தலைவர் கார்தெனாஸ் தண்டிக்கப்பட்டார்.

பெர்னலில்லோ அருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட குவாவா என்னும் புவெப்லோ ஊரின் இடிபாடுகளும் 1940இல் சுற்றுலாத் தலமாகத் திறக்கப்பட்டன. அதற்கும் கொரோனாடோவின் பெயரே வைக்கப்பட்டது.

பிற்காலப் பலகைகள்

1941இல் 'மயக்கும் நிலம்' என்று பொருள்படும் தொடர் பலகையில் இடம்பெற்றது. குறிப்பிட்ட நிகழ்வு எதையும் சாராத அத்தொடர் நிலைத்துவிட்டது. 1999இல் மாநிலத்தின் அதிகாரபூர்வச் சிறப்புப் பெயரும் ஆயிற்று. அண்டை நாடான மெக்சிகோவோடு பலர் குழப்பிக்கொண்டதால், 1969 முதல் மாநிலப் பெயருடன் யு.எஸ்.ஏ. என்ற எழுத்துகளும் சேர்க்கப்பட்டன.

2012இல் மாநிலம் நூற்றாண்டைக் கொண்டாடியது. அதற்கு முன்னதாகவே வெளியிடப்பட்ட நூற்றாண்டுப் பலகை நீலப்பச்சை நிறம் கொண்டது. ஸ்பானியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பூர்வகுடிகள் செரில்லோஸ் மலைகளில் வெட்டியெடுத்த டர்க்காய்ஸ் கல்லின் நிறம் அது. 2017இல் வந்த பலகையில் சிவப்பு, பச்சை மிளகாய்களின் படமும், 'உலகின் மிளகாய்த் தலைநகர்' என்று பொருள்படும் தொடரும் இடம்பெற்றன. ஒரு படையெடுப்பாளரின் பெயர் இருந்த இடத்துக்கு மண்ணின் கல்லும் விளைச்சலும் வந்தன.

சியா மக்களின் கோரிக்கை

1990களில் சியா மக்கள் தம் சின்னத்துக்காக மாநில அரசிடம் இழப்பீடு கோரினர். அரசு அதைப் பயன்படுத்திய ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 லட்சம் டாலர் என்பது அவர்களின் கணக்கு. அரசு அத்தொகையை வழங்கவில்லை. சின்னம் மிகப் பழையது. அதை வரைந்த தனி ஆசிரியர் என்று எவரும் இல்லை. எனவே பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்புத் தேடுவது கடினம். வணிக முத்திரையாகப் பதிவுசெய்வதும் அவர்களுக்குப் பொருத்தமான வழி அன்று. ஏனெனில் சியா மக்களுக்கு அது விற்பனைப் பொருளின் அடையாளம் அல்ல, வழிபாட்டின் பகுதி.

எனினும் கோரிக்கை பலனற்றுப் போகவில்லை. 2000இல் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் தன் விமானம் ஒன்றில் சின்னத்தை வரைவதற்கு முன் சியா மக்களிடம் அனுமதி கேட்டு, அவர்களின் கல்வி நிதிக்கு நன்கொடை அளித்தது. பூர்வகுடிகளின் அதிகாரபூர்வச் சின்னங்களைப் பிறர் வணிக முத்திரையாகப் பதிவுசெய்வதைத் தடுக்க உதவும் பட்டியலை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2001 முதல் பராமரித்து வருகிறது. 1925இல் கேட்கப்படாத அனுமதியைப் பின்னாளில் கேட்கவைத்ததே சியா மக்கள் பெற்ற வெற்றி.