அரணும் அகத்தாரும்

மலாயாவின் பாதுகாப்பைக் குறித்துச் சில சொல்லத் துணிகின்றேன். அதற்கு முதற்கண் அரண் என்னும் பொருளை ஆராய்வோம்.

தொல்காப்பியர் உழிஞைத் திணையுள் அடக்கிய மதில்காவலை, புறப்பொருள் வெண்பாமாலை நொச்சி எனத் தனித்திணையாக்கிப் பெருமைப்படுத்தியது. வள்ளுவப் பெருந்தகையோ அரணுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, நீர், நிலம், மலை, காடு ஆகியவற்றை முதலில் எண்ணி, உணவுச் சேமிப்பையும் அகத்தார், அதாவது உள்ளிருப்போர், நிலைபெற்றுப் பொருதற்கு எளிதாதலையும் இடையே வற்புறுத்தி, எத்துணைச் சிறந்த அரணும் செயல்திறம் இல்லாரிடத்து அரணாகாது என்று முடித்தருளினார். அத்தெய்வ வாக்குக்கு உரை வகுத்தாற்போல் அமைந்தது மலாயாவின் சரித்திரம்.

சிங்கப்பூரில் 15 அங்குலப் பீரங்கிகள் ஐந்து நிறுவப்பட்டன. அவற்றின் குண்டுகளோ பெரும்பாலும் போர்க்கப்பலின் கவசத்தைத் துளைப்பதற்கானவை; தரைவழி வரும் படையை எதிர்க்கப் பெரிதும் உதவாதவை. பகைவர் வடக்கே தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி, மலாயாவின் கோத்தா பாரு ஆகிய கரைகளில் இறங்கக்கூடும் என்று மலாயாவின் பிரிட்டிஷ் தளபதி டாபியின் கீழ் 1937இல் மதிப்பிட்டவர் பெர்சிவல் என்னும் அதிகாரி. சிங்கோராவை முந்திக் கைக்கொள்ள வகுத்த ‘மாட்டடோர்’ திட்டம் ஏட்டளவில் நின்றது. 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல், முன்னறிந்து கூறிய அதே பெர்சிவலே தளபதியாய் நின்று சரணடைய நேர்ந்தது விதியின் கொடுமை.

போருக்குப் பின், கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களின் கிளர்ச்சியை அடக்க, 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1950இல் அந்நடவடிக்கைகளின் இயக்குநராய் வந்த ஹரால்டு பிரிக்ஸ், சிவில் அதிகாரி, போலீஸ் அதிகாரி, ராணுவ அதிகாரி மூவரையும் மாநிலந்தோறும் மாவட்டந்தோறும் ஒரே குழுவில் அமர்த்தினார். காட்டோரங்களில் குடியிருந்தோர் ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முட்கம்பி வேலியும் போலீஸ் காவலும் சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் பல இடங்களில் ஒருங்கு சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. காட்டிலிருந்த கொரில்லாக்களுக்கு அரிசி போகாமல் தடுப்பதே நோக்கம். வள்ளுவர் அகத்தார்க்கு வேண்டுமென்ற கூழை, அதாவது உணவை, பகைவர்க்கு மறுத்த உபாயம் இது! எனினும் வேலிக்குள் வைக்கப்பட்டவன் தன்னைக் கைதியென்று எண்ணும்வரை அவ்வேலி அரணாகாது. 1957 ஆகஸ்டு 31இல் சுதந்திரம் மலர்ந்து, காக்கும் நாடு தனதே என்னும் உரிமை பிறந்தபின்னரே அகத்தார் என்னும் சொல் பொருள் பெற்றது. 1960 ஜூலை 31இல் அவசரகாலமும் முடிவுற்றது.

தமிழ்ப் பெருமக்களே, பால்மரக் காடுகளை வியர்வையால் வளர்த்த நாம் இந்நாட்டின் அகத்தார். பிரஜா உரிமையைப் போற்றுவோம், பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிப்போம், அண்டை இனத்தாரோடு உடன்பிறந்தாராய் வாழ்வோம். இவையே நாம் எழுப்பும் மதில். இறைவன் அதனைக் காத்தருள்க.