கொங்கிறீட்டுக்குள் போன தண்ணீர்



பங்குனி மாதம் வந்து சினோ கரைந்ததும் எங்கள் வீட்டில் ஒரு வேலை தொடங்கும். லாங்கன்தாலில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்துக்கு அப்பாதான் அப்வார்ட். கார்கள் கீழே கராஜுக்கு இறங்கும் கொங்கிறீட் பாதையைத் துப்புரவாக்கிப் பார்ப்பது அவருடைய பொறுப்பு.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பாதையின் மேற்பரப்பு செதில் செதிலாகக் கழன்றது. அப்பா உப்பை அள்ளிக் கொட்டியதுதான் காரணம் என்று நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. உங்களில் பலருக்கும் அதே வேலைதான் என்று தெரியும்!

"அப்பா, உண்மையாவே கனக்க உப்புப் போட்டனீங்களே?" என்று கேட்டேன்.

"ஆரும் வழுக்கி விழுந்தால் அதுக்கும் நான்தானே பிள்ளை பதில் சொல்லவேணும்" என்றார்.

பதில் எழுத முதல் உண்மை என்ன என்று தேடினேன். அந்தத் தேடல் என்னை வரலாற்றுக்குள் கொண்டுபோய் விட்டது.

அப்பா வளர்ந்தது காங்கேசன்துறைப் பக்கம். அங்கே 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய பெரிய சீமெந்துத் தொழிற்சாலை இருந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு அரைத்துச் சீமெந்து ஆக்கினார்கள். போர் காரணமாக 1990 இல் அது மூடப்பட்டது. அங்கே செய்ததும் போர்ட்லன்ட் சீமெந்துதான். 1824 இல் இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் என்ற கொத்தனார் காப்புரிமை பெற்ற பெயர் அது. சுண்ணாம்பும் களியும் சேர்த்துச் சுட்ட தூளோடு மணல், கல், தண்ணீர் கலந்தால் கொங்கிறீட்.

அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சீமெந்து தெரியும். ஆனால் அந்தச் சீமெந்து வெயிலையும் மழையையும் மட்டுமே கண்டது. இங்கே உறைபனி இருக்கிறது.

கொங்கிறீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. அவற்றுக்குள் தண்ணீர் ஊறும். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 வீதம் கூடும். இடம் போதாவிட்டால் உள்ளிருந்து தள்ளும். பகலில் கரைந்து இரவில் உறைந்து, ஒரே குளிர்காலத்தில் இது பல தடவை நடக்கும். உப்புப் போட்டால் பனி உருகி உப்புத் தண்ணீராகி, மேற்பரப்பை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும். அது மறுபடி உறையும்போது மேற்பரப்பு கழன்று வரும். ஆகவே கடிதத்தில் ஒரு பாதி உண்மை இருந்தது. மற்றப் பாதி?

1930களில் அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தில், ஒரு புதினம் நடந்தது. உப்புப் போட்ட கொங்கிறீட் வீதிகள் பல பழுதாகிப்போக, சில மட்டும் நன்றாகவே இருந்தன. ஏன் என்று தேடினார்கள். அந்த வீதிகளுக்கு எடுத்த சீமெந்தை அரைக்கும்போது மாட்டுக் கொழுப்புப் போன்ற பொருட்களைச் சேர்த்திருந்தார்கள். அதனால் கொங்கிறீட்டுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் உண்டாகியிருந்தன. உறையும் தண்ணீருக்கு ஒதுங்க இடம் கிடைத்ததால் கொங்கிறீட் உடையவில்லை. இன்று குளிர்நாடுகளில் வெளியிடங்களுக்குப் போடும் கொங்கிறீட்டில் வேண்டுமென்றே இப்படிக் காற்றைச் சேர்க்கிறார்கள்.

தண்ணீரைத் தடுப்பதைவிட அதற்கு இடம் கொடுப்பது கெட்டித்தனம். இதை வாசித்ததும் எனக்கு எங்கள் ஊரின் மார்க்ட்காஸ்ஸ தெருதான் நினைவுக்கு வந்தது. அங்கே நடைபாதைகள் தெருவைவிட மிகவும் உயரம். படி ஏறித்தான் கடைக்குப் போகவேண்டும். லாங்கெத்தே ஆறு பெருகினால், அந்த வெள்ளத்தை இந்தத் தெரு வழியாகவே ஓடவிட்டு, ஊருக்கு வெளியே உள்ள காட்டில் ஊற விட்டார்கள். தெருவே வெள்ளவாய்க்கால்! 1975 இல் வந்த பெருவெள்ளத்தை அதுவும் தாங்கவில்லை. பிறகு மடிஸ்வில்லிலிருந்து ஆரே ஆறு வரை நிலத்தடிச் சுரங்கம் வெட்டி, 1990களின் தொடக்கத்திலிருந்து வெள்ளத்தை அதனால் அனுப்புகிறார்கள். உயர்ந்த நடைபாதைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

இதை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு வாளி தண்ணீரைப் பாதையின் மேலே ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கீழே கராஜ் வாசலில் போய்த் தேங்கியது. அங்கேதான் கொங்கிறீட் கூடக் கழன்றிருந்தது. வடிகாலின் இரும்புத் தட்டைத் தூக்கினோம். அதன் அடிக்குழாய் நிலத்துக்குக் கீழே உடைந்து, மண்ணும் வேரும் நிறைந்து கிடந்தது. கைபோட்டு அள்ளித் தீர்க்கிற வேலை இல்லை அது.

படங்கள் எடுத்துப் பதில் எழுதினேன். உப்பு கூடிவிட்டது என்பதை ஒளிக்கவில்லை. குழாய் உடைந்ததால் தண்ணீர் போக வழி இல்லை என்பதையும் எழுதினேன். ஒரு மாதம் கழித்து ஆட்கள் வந்து குழாயை மாற்றி, கழன்ற இடத்தைத் திருத்தினார்கள். அப்பாவுக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்றும் வரவில்லை. வேலை மட்டும் போகவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பங்குனியிலும் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிறோம். முதலில் குளிர்காலத்துக்குப் போட்ட பொடிக்கல்லையும் மிச்ச உப்பையும் கூட்டி அள்ளுவோம். உறைபனி இல்லாத நாளாகப் பார்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவோம்; மிகவும் அழுத்தமாகப் பீச்சி அடித்தால் மேற்பரப்பு அரிக்கும். பொருத்து இடைவெளிகளில் உள்ள பாசியைச் சுரண்டி எடுத்து, வெடிப்புகளைத் துப்புரவாக்கிக் காயவிட்டு அடைப்போம். வடிகாலைத் திறந்து பார்ப்போம். நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஊறாமல் காக்கும் பூச்சு. குளிர்காலத்தில் அப்பா இப்போது முதலில் சினோவைத் தள்ளுவார், பிறகு பொடிக்கல் போடுவார். உப்பு, வேறு வழியே இல்லாதபோது கொஞ்சம்.

கடைசி வேலை வாளித் தண்ணீர். மேலே நின்று நான் ஊற்ற, கீழே நின்று அப்பா பார்ப்பார். எங்கும் தேங்காமல் வடிகாலுக்குள் போய்விட்டால், "சரி பிள்ளை, வா தேத்தண்ணி குடிப்பம்" என்பார்.

நீங்களும் இந்த வாரம் உங்கள் வீட்டு வாசலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது எங்கே போய் நிற்கிறதோ, அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது.