நுரை வந்த வழி

திருநெல்வேலியில் வாட்டர் சர்வீஸ் செய்யும் கடை ஒன்றை ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கவனித்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, முதலில் வெறுந் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். பிறகு வேறொரு குழாயிலிருந்து வெண்ணுரை பொங்கி வருகிறது. பெட்ரோல் டாங்க், மட்கார்டு, சக்கரம் எல்லாம் பஞ்சுப் பொதிக்குள் மறைந்துவிடுகின்றன. இதற்கு ‘ஃபோம் வாஷ்’ என்று பெயர். வண்டிக்காரர் நுரையின் அளவைப் பார்த்தே திருப்தி அடைகிறார். அழுக்கை எடுப்பது நுரைதானா? அப்படி நம்பும் பழக்கம் நமக்கு எவ்வாறு வந்தது? விடையின் பெரும்பகுதி தாமிரபரணிக் கரையிலேயே கிடைக்கிறது.

1843-ல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் பாளையங்கோட்டைப் பக்கத்தில் வண்ணார்பேட்டை இருக்கிறது. சலவைத் தொழிலாளர் குடியிருப்பு என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. சோப்பு வருமுன் தமிழ்நாட்டுச் சலவைத் தொழிலாளர் பயன்படுத்தியது உவர்மண். சில நிலங்களில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் இம்மண்ணில் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா, கலந்திருக்கும். துணியை உவர்மண் கரைசலில் தோய்த்து, வெள்ளாவி வைத்து, பின் ஆற்றுக் கல்லில் அடித்து அலசுவார்கள். துணியில் ஒட்டியுள்ள உடல் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் சோடாவின் காரத்தோடு சேர்ந்து, அங்கேயே சிறிது சோப்பாகிவிடும். அழுக்கின் ஒரு பகுதியே மற்றப் பகுதியைக் கழுவிவிடுகிறது! இத்தனைக்கும் சொல்லத்தக்க நுரை வராது. ஊரார் வேட்டியைப் பளிச்சென்று வெளுத்துத் தந்த அந்தத் தொழில் நுரையை நம்பி நடந்ததன்று.

நுரை வேண்டியவர்களுக்குப் பூந்திக்கொட்டை இருந்தது. அதிலுள்ள சப்போனின் என்ற பொருள் காரமில்லாமலே நுரைக்கும். ஆதலால் பட்டுக்கும் பொன் நகைக்கும் அதையே எடுத்தார்கள்.

பிறகு வந்தது சோப்பு. பிரான்சில் நிக்கோலஸ் லெப்ளாங்க் 1791-ல் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்நாட்டின் செவ்ரல், கொழுப்பு என்பது எத்தகைய பொருள் என்பதை ஆராய்ந்து 1823-ல் நூலாக வெளியிட்டார். இவ்விரண்டும் சோப்பைப் பெருந்தொழிலாக்கின. நம் பகுதியும் இக்கதைக்கு வெளியே இல்லை. 1950-களின் இறுதியில் ஆறுமுகநேரியை அடுத்த சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா ஆலை எழுந்தது. உப்பு நீரில் மின்சாரம் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் ஹைட்ரஜனும் கிடைக்கும். உப்பளங்கள் நிறைந்த கடற்கரையில் இதற்கு மூலப்பொருள் பஞ்சமில்லை.

சோப்பு நுரைப்பதற்கு நல்ல நீர் வேண்டும். பொதிகை மலையின் கெட்டியான பாறைகள் நீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே அங்கிருந்து இறங்கி வரும் தாமிரபரணி மென்னீர். ஆற்றிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே தாழையூத்துக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே சுண்ணாம்புக்கல் இருப்பதால்தான் 1949-ல் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணாம்பு நிலத்துக் கிணற்று நீரில் கால்சியம் மிகுதி. அதில் சோப்பைத் தேய்த்தால் திரிந்த பால்போல் கசடு மிதக்குமே தவிர, எளிதில் நுரை வராது. நீரிலுள்ள கால்சியம் முழுவதும் சோப்போடு சேர்ந்து தீர்ந்த பிறகே நுரை தலைகாட்டும்.

இதை ஒரு மாலை நேரத்தில் நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு புட்டியில் ஆற்று நீர், மற்றொன்றில் உப்புக் கிணற்று நீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். அடுத்து, சோப்புக்குப் பதில் சலவைத் தூளைப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் முறை வேறுபாடு வெகுவாகக் குறைந்திருக்கும்.

சோப்பைப் பொறுத்தவரை நுரை உண்மையான சாட்சி என்பது இதிலிருந்து விளங்கும். நுரை வந்தது என்றால், கால்சியமும் அழுக்கும் விழுங்கியது போகச் சோப்பு மீதமிருக்கிறது என்று பொருள். மக்கள் நுரையை நம்பத் தொடங்கியதில் தவறில்லை.

அந்தச் சாட்சியின் மதிப்பைக் குறைத்தது டிடர்ஜென்ட். முதல் உலகப் போரில் கொழுப்புக்குப் பஞ்சம் வந்தபோது ஜெர்மானிய வேதியியலார் கொழுப்பில்லாத சலவைப் பொருள்களை உருவாக்க முற்பட்டனர். அமெரிக்காவில் 1946-ல் ‘டைடு’ வந்தது. இந்தியாவில் 1959-ல் ‘சர்ஃப்’, 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய ‘நிர்மா’. இவை கடின நீரிலும் நுரைக்கும். ஆனால் நுரையின் அளவும் வெளுக்கும் திறனும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவையல்ல. முன்பக்கம் கதவுள்ள சலவை இயந்திரங்களுக்கான தூளில் நுரையை அடக்கும் பொருளையே சேர்க்கிறார்கள். துணி நன்றாகத்தான் வெளுக்கிறது. கையால் துவைப்பவரோ நுரை குறைந்தால் ‘சரக்கு சரியில்லை’ என்று விடுவார். ஆகவே அவருக்கு விற்கும் தூள் நுரைத்தே தீர வேண்டும்.

அந்த நுரை ஆறுகளை எட்டியது. தொடக்க கால டிடர்ஜென்டுகளின் மூலக்கூறு கிளை கிளையாகப் பிரிந்த கார்பன் சங்கிலி கொண்டது; பாக்டீரியாக்களால் அதை எளிதில் சிதைக்க முடியவில்லை. 1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. மேற்கு ஜெர்மனி 1961-ல் சட்டம் இயற்றியது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் 1965-ல் கிளையற்ற நேர்ச் சங்கிலிக்கு மாறின. அந்த நேர்ச் சங்கிலி மூலப்பொருளைத் தயாரிக்கும் ஆலை 1980-களில் சென்னையை அடுத்த மணலியில் நிறுவப்பட்டது.

இனி மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். துணிக்கு நுரை அவசியமில்லை என்றேன். வண்டிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். துணியைத் தொட்டியில் ஊறவைக்கலாம். பெட்ரோல் டாங்கை எப்படி ஊறவைப்பது? செங்குத்தான பரப்பில் ஊற்றிய நீர் நொடியில் வழிந்துவிடும். நுரையோ மெல்லிய நீர்ப்படலங்களின் அடுக்கு; அதிலுள்ள நீர் மெதுவாகவே வடியும். சில நிமிடங்கள் அங்கேயே தங்கி, பரப்பு இழுவிசையைக் குறைத்து, மண் துகளுக்கும் வர்ணத்துக்கும் இடையே நுழைகிறது. (பரப்பு இழுவிசையை ஆராய்ந்தவர்களில் ஒருவர், பாத்திரம் கழுவிய நீரைக் கண்டு வியந்த ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண். கல்லூரிப் படிப்பு இல்லாத அவருடைய கடிதம் 1891-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.)

மண் துகள் அற்பமானதன்று. தேரிக்காட்டுச் செம்மணல் இரும்புத் துரு பூசிய குவார்ட்ஸ். வர்ணத்தைவிடப் பன்மடங்கு கடினமானது. உலர்ந்த துணியால் டாங்கைத் துடைப்பவர் உப்புத்தாளால் தேய்க்கிறார் என்றே சொல்லலாம். நுரை ஊறியபின் தண்ணீரைப் பீய்ச்சினால் துகள் உராயாமல் இறங்கிவிடும். துடைப்பது அதற்குப் பின்புதான். நுரை உலர விடக்கூடாது; சூடான எஞ்சின்மேல் அடிக்கவும் கூடாது. செலவைக் குறைக்கச் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றுவோரும் உண்டு. உவர்மண் வேட்டிக்குச் செய்த நன்மையை அது அலுமினியத்துக்குச் செய்யாது. காரம் அலுமினியத்தின் மேற்படலத்தை அரித்துப் பளபளப்பைக் கெடுக்கும்.

ஆனால் இதை ஆற்றுப் படித்துறையில் செய்வது முறையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிநீரில் இத்தகைய டிடர்ஜென்ட் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1 மில்லிகிராம் வரை. ஒரு வண்டியைக் கழுவ 5 கிராம் டிடர்ஜென்ட் செலவாவதாக வைத்துக்கொண்டால், அது 25,000 லிட்டர் தூய நீரை அந்த 0.2 என்ற எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். நேர்ச் சங்கிலி மூலக்கூறு சில நாட்களில் சிதையும் என்பது மெய்தான். ஆனால் அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். வெள்ளம் புரளும் கார்த்திகை மாதத்தில் அது தாராளமாகக் கிடைக்கும். கோடையில் ஆங்காங்கே குட்டையாகத் தேங்கும் நீரில் கிடைப்பது அரிது. நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இந்த நீரைத்தான். மண் தரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு வாளித் தண்ணீரில் வேலையை முடித்தால், வடியும் நீர் மண்ணுக்குள் இறங்கும்; அங்கே காற்றும் பாக்டீரியாவும் உண்டு. தெருச் சாக்கடையில் விட்டால் அது கடைசியில் ஆற்றைத் தேடித்தான் போகும்.

ஆற்றில் காணும் நுரையெல்லாம் சோப்பு நுரை என்று எண்ணிவிட வேண்டாம். பாபநாசத்தில் அகஸ்தியர் அருவி விழும் இடத்திலும் நுரை உண்டு. மட்கிய இலைகளிலிருந்து கரைந்த பொருள்கள், நீர் மோதும் வேகத்தில் நுரையாகின்றன. அந்த நுரை சற்று நேரத்தில் பழுப்பேறும். அதில் மண் வாசனைதான் இருக்கும். ஊருக்குள் ஒதுங்கும் நுரையில் எலுமிச்சை வாசனையோ மல்லிகை வாசனையோ வீசினால், அது பொதிகையிலிருந்து வந்ததன்று.