மதில் மேல் பூனை யாருடையது?

காணைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பூனை வளர்ப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள். "எங்க வீட்டுக்கு ஒரு பூனை வரும்" என்றுதான் சொல்வார்கள். குதிரில் நெல், பரணில் மல்லாட்டை மூட்டை. அவை இருந்தால் எலி வரும், எலி வந்தால் பூனை வரும். ஒரு வீட்டில் பழைய சோறு, அடுத்த வீட்டில் மீன் தலை, மூன்றாவது வீட்டு அடுப்பங்கரையில் குட்டி. அந்தப் பூனை யாருடையது என்று கேட்டால் சிரித்திருப்பார்கள். தெருவுடையது, அவ்வளவுதான்.

இன்று நம் குடியிருப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை. "என் பூனைக்கு எதிர் பிளாட்டில் நெத்திலி போட்டுப் பழக்கிவிட்டார்கள், இரவில் கதவைச் சாத்தி உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்" என்பது ஒரு தரப்பு. "பசியோடு வந்து கத்துகிற உயிருக்குச் சோறு போடுவது குற்றமா?" என்பது மறு தரப்பு. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒருவர் தெருப்பூனைக் காலத்து வழக்கத்தைப் பேசுகிறார், மற்றவர் தடுப்பூசி அட்டையோடு வளர்க்கும் காலத்தைப் பேசுகிறார். இந்த இரண்டு காலங்களும் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவுகளில் வசிப்பதுதான் சிக்கல்.

பூனை மனிதனிடம் வந்த கதையே அப்படிப்பட்டது. நாயைப் போல வேட்டைக்குத் துணையாக வரவில்லை, மாட்டைப் போலக் கட்டி இழுத்து வரப்படவும் இல்லை. மேற்காசியாவில் மக்கள் தானியம் சேர்த்து வைக்கத் தொடங்கியபோது எலியைத் தேடி அதுவாக வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை அகழாய்வாளர்கள் கண்டார்கள். யாரோ ஒருவர் அதைத் தன்னுடையது என்று நினைத்திருக்கிறார் என்பதற்கு மிகப் பழைய தடயங்களில் ஒன்று அது.

நம் பழம்பாடல்களில் அதிகம் வருவது வீட்டுப் பூனையல்ல, காட்டுப் பூனையான வெருகு. விடியலில் தன்னை எழுப்பிய சேவலை வெருகு தின்னட்டும் என்று சபிக்கும் தலைவி குறுந்தொகையில் இருக்கிறாள். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் நின்று தவம் செய்யும் பூனையும், அதன் காலடியில் எலிகளும் உண்டு. பல்லவர் காலத்துச் சிற்பி பூனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பூனைக்கும் உரிமையாளர் கிடையாது.

பூனைக்கு விலை வைத்து, விற்றவருக்குப் பொறுப்பும் வைத்த சட்டம் ஒன்று வேல்ஸ் நாட்டில் இருந்தது. 10ஆம் நூற்றாண்டு மன்னர் ஹவெல் தாவின் பெயரில் வழங்கும் சட்டங்கள் அவை. கண் திறக்காத குட்டிக்கு ஒரு பென்னி, கண் திறந்தபின் எலி பிடிக்கும் வரை இரண்டு, எலி பிடித்துவிட்டால் நான்கு. காது கேட்க வேண்டும், நகம் முழுதாக இருக்க வேண்டும், எலி பிடிக்க வேண்டும், குட்டிகளைத் தின்னாமல் வளர்க்க வேண்டும். இல்லையென்றால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். பூனையின் மதிப்பு அது செய்யும் வேலையில் இருந்தது. அதன் மேல் இருந்த பாசத்தைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை.

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் இன்னும் கறாரானது. நாய், பூனை, குரங்கு, கரடி போன்றவை வெறும் பொழுதுபோக்குக்கு வைத்திருப்பவை. ஆகவே அவற்றைத் தூக்கிச் செல்வது பெருந்திருட்டு ஆகாது. ஆட்டைத் திருடியவனுக்குத் தூக்கு வரை போன நாட்டில், பூனையைத் திருடியவன் திருடன் அல்ல!

இந்தியாவுக்குச் சட்டம் எழுத வந்தவர்கள் அந்த வழியில் போகவில்லை. 1834இல் சென்னையில் வந்து இறங்கி, ஊட்டியில் சில மாதம் தங்கிவிட்டுக் கல்கத்தா போனார் மெக்காலே. அவர் தலைமையிலான ஆணையம் 1837இல் தண்டனைச் சட்டத்தின் வரைவைக் கொடுத்தது. அது 1860இல் இந்திய தண்டனைச் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் திருட்டைப் பற்றிய 378ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒருவர் நாய்க்குப் பிடித்த தீனியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் நாயைத் தன் பின்னால் வர வைக்கிறார். உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் அதைக் கொண்டுபோகும் நேர்மையற்ற எண்ணம் அவருக்கு இருந்தால், நாய் அவர் பின்னால் நடக்கத் தொடங்கிய நொடியிலேயே திருட்டு முடிந்துவிடுகிறது. நாயை அவர் கையால் தொடவே வேண்டாம்.

நம் நெத்திலி வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான வரி சட்டப் புத்தகத்தில் கிடைக்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவிலும் அதே நாய், அதே தீனி அப்படியே தொடர்கின்றன. ஆனால் பாதியை மட்டும் படித்துவிட்டு யாரும் எதிர்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். தீனி போடுவது குற்றம் என்று அந்த எடுத்துக்காட்டு சொல்லவில்லை, எண்ணம்தான் குற்றம் என்கிறது. வாசலுக்கு வந்த பூனைக்கு இரக்கப்பட்டுப் பால் ஊற்றியவரை இந்தப் பிரிவு தொடாது.

தெருப்பூனை என்று நினைத்து உள்ளே சேர்த்துக்கொண்டவருக்கு வேறொரு பிரிவு இருக்கிறது. பழைய சட்டத்தில் 403, புதியதில் 314. கண்டெடுத்த பொருளின் உரிமையாளர் யார் என்று தெரிந்திருந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருந்தும், அதைத் தனக்கென்று வைத்துக்கொள்வது குற்றம். நியாயமான அளவு விசாரித்து, உரியவருக்குத் திருப்பித் தருவதற்காக வைத்திருந்தால் குற்றமில்லை. கழுத்தில் பட்டை கட்டிய பூனையை, நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம்கூடப் போடாமல் வைத்துக்கொண்டால், "யாருடையது என்று தெரியாது" என்பது நிற்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்காகக் காவல் நிலையம் ஓடினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. திருட்டுப் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால், நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையில் இறங்க முடியாது. நாட்டுப் பூனைக்குச் சந்தையில் என்ன விலை? குட்டியிலிருந்து ஐந்து வருடம் தூக்கி வளர்த்தவருக்கு இது கசப்பாகத்தான் இருக்கும். பெர்சியன் வாங்கியவருக்குக் கணக்கு வேறு.

வழக்காடிப் பார்த்தவர்களின் கதையும் இருக்கிறது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்பது நமக்குப் பழமொழி, லண்டனில் அது வழக்காகவே போனது. ஹாமர்ஸ்மித் பகுதியில் ஓசி என்ற மெய்ன் கூன் இனப் பூனைக்கு அடுத்த வீட்டார் சாப்பாடு போட்டுப் பழக்கி, கழுத்துப் பட்டையையும் மாற்றிக் கட்டினார்கள் என்பது உரிமையாளரின் புகார். வழக்கறிஞர்களுக்கு மட்டும் 20,000 பவுனுக்கு மேல் செலவானது. 2020 தொடக்கத்தில், விசாரணைக்கு முன்பே, அடுத்த வீட்டார் உறுதிமொழி கொடுக்க, வழக்கு முடிந்தது. 2024இல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் நாய், பூனை கடத்தலுக்கென்றே தனிச் சட்டம் வந்தது, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. பூனைத் திருட்டைத் திருட்டே இல்லை என்ற நாடு அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

நம் பக்கத்தில் வளர்ச்சி வேறு திசையில் போனது. இங்கே முதலில் பேசப்பட்டது உரிமையாளரைப் பற்றி அல்ல, பிராணியைப் பற்றி. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2023ஆம் ஆண்டு விதிகள் "சமூகப் பிராணி" என்று ஒரு வகையைச் சொல்கின்றன: யாரும் உரிமை கோராத, குடியிருப்புப் பகுதியிலேயே பிறந்து வளரும் பிராணி. அவற்றுக்குச் சோறு போட இடமும் நேரமும் ஒதுக்கும் பொறுப்பு நம்மைப் போன்ற குடியிருப்போர் நலச் சங்கங்களுடையது. காணைத் தெருவின் பழைய பூனை, சட்டத்தில் இப்போது இந்தப் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே எந்தப் பூனை சமூகப் பூனை, எது வீட்டுப் பூனை என்று கண்ணால் பார்த்துத் தெரிய வேண்டும். வளர்ப்பவர்தான் அதற்கு முதல் அடி எடுத்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி. கழுத்தில் பட்டை, அதில் பிளாட் எண். சிறுநீரகக் கோளாறுக்குத் தனி உணவு சாப்பிடும் பூனை என்றால் அதையும் பட்டையிலேயே எழுதலாம். "என் பூனையைத் திருடாதீங்க" என்பதைவிட "அக்கா, அதுக்கு உப்பு ஆகாது, டாக்டர் சொல்லியிருக்கார்" என்ற வார்த்தை வேகமாக வேலை செய்யும். சோறு போடுபவர் கேட்க வேண்டியதும் ஒன்றுதான்: "இது உங்களுதா? போடலாமா?" வேண்டாம் என்று பதில் வந்தபிறகும் கதவைத் திறந்து வைத்தால், அந்த நாய்த்தீனி எடுத்துக்காட்டின் பக்கத்தில் அவர் வந்து நிற்கிறார்.

தெருப்பூனைகளுக்கான தட்டைப் பின்பக்க மதிலோரம், வண்டிகள் வராத இடத்தில் வைக்கலாம். காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போட்டு, அரை மணியில் எடுத்துக் கழுவிவிட்டால் எறும்பும் பெருச்சாளியும் சேராது. வீட்டுப் பூனைகளை அந்த நேரத்தில் வளர்ப்பவர்கள் உள்ளே வைத்துக்கொண்டால் போதும். பட்டை கட்டிய பூனைகளின் படத்தையும் பிளாட் எண்ணையும் செக்யூரிட்டி அறையில் ஒட்டி வைக்க இடம் இருக்கிறது. படம் தர விரும்புகிறவர்கள் அங்கேயே கொடுத்துவிடலாம்.