உம்மும்மாவின் மேசை



உம்மும்மாவின் கலியாணத்துக்குச் செய்த சாப்பாட்டு மேசைக்கு விலை பேச ஒருவர் வந்திருந்தார். காக்காவுக்கு விற்க விருப்பம். கண்ணாடி மேசை ஒன்றுக்கு முற்பணமும் கொடுத்துவிட்டார். நோன்பு விடுமுறையில் திருத்திப் பார்க்கிறேன், பிறகு பேசுவோம் என்றேன்.

பிற்காலத்தில் யாரோ அடித்த பச்சைப் பெயிண்ட்டைச் சுரண்டினால் கீழே கருஞ்சிவப்புப் பூச்சு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஓரத்தில் வைத்தேன். இளகியது. அப்படியென்றால் வார்னிஷ் இல்லை, அரக்குப் பொலிஷ்.

அவசரத்தில் ஒரு மூலையை சேண்ட் பேப்பரால் ஆழமாகத் தேய்த்துவிட்டேன். மஞ்சள் தெரிந்தது. பலா! பிக்குகளின் சீவரத்துக்குச் சாயம் எடுத்த அதே மஞ்சள். வெளிச்சம் பட்டுப் பல வருடம் போனால்தான் அது செம்பழுப்பாகும். உம்மும்மா காலத்து நிறத்தை இரண்டு நிமிடத்தில் உரித்துவிட்டேனே என்று கை நடுங்கியது. அதன்பிறகு சேண்ட் பேப்பரைத் தொடவில்லை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பழைய பூச்சின் மேலேயே மெல்லியதாகத் தடவினேன். புது அரக்கு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும்.

மேலே மூன்றே பலகை, ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு மேல் அகலம். இன்று லேசில் கிடைக்காது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சொந்த வளவில் நிற்கும் பலாவை வெட்டவும் அனுமதி வேண்டும். ஈரப்பலாவுக்கும் அதே சட்டம்தான்.

மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயர் தந்த சொற்கள். லாச்சி ஒல்லாந்தர் தந்தது. அதைச் செய்த தச்சரை நாம் கூப்பிடும் 'பாஸ்' என்ற சொல்லும் அவர்களுடையதுதான். சொற்கள் வந்தும் நம் வீடுகளில் சாப்பாடு நெடுங்காலம் பாயில்தான், ஆறு பேருக்கு ஒரு சஹன். எங்கள் மேசையே சாட்சி. சூட்டுச் சட்டி வைத்த வெள்ளை வளையம் ஒன்றுதான் இருந்தது. ஆனால் ஓரமெல்லாம் மைக்கறை, மரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. பெரியபிள்ளை ஆனதும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்ட உம்மாவும் சாச்சியும் இதில் இருந்துதான் எழுதிப் படித்தார்கள்.

பெருநாள் கழித்து அந்த மனிதர் திரும்ப வந்தார். மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மைக்கறையை எடுத்துத் தாங்க சேர், விலையைக் கூட்டித் தாறேன்" என்றார்.

காக்கா ஒன்றும் பேசவில்லை. இன்று காலை முற்பணத்தைத் திருப்பிக் கேட்கக் கடைக்குப் போயிருக்கிறார்.