எண் எழுதாத குச்சிகள்

பெல்ஜியத்தின் துவேன் ஊரில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் க்வீஸ்நேருக்கு இசையிலும் ஈடுபாடு உண்டு. பாட்டென்றால் துள்ளும் பிள்ளைகள் கணக்கென்றால் ஏன் முகம் வாடுகிறார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. அதற்கு விடையாக மரக் குச்சிகளைச் செய்து, நீளத்துக்கு ஒரு நிறம் பூசினார்.

ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து வரை பத்து நீளங்கள். எந்தக் குச்சியிலும் எண் கிடையாது, கோடும் கிடையாது. ஆரஞ்சு, பத்து. அதன் அருகே ஏழுக்கான கறுப்பை வைத்தால், மிச்ச இடத்தில் மூன்றுக்கான இளம்பச்சை கச்சிதமாக உட்காரும். நாலுக்கான குச்சியை வைத்தாலோ ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தப்பென்று யாரும் சொல்ல வேண்டாம்; பிள்ளையே அதை எடுத்துவிட்டு வேறொன்றைத் தேடும். சிவப்பு மையைக் கண்டு கூசிய குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

1952-ல் க்வீஸ்நேரின் புத்தகம் வந்தது. மறு வருடம் அலெக்சாண்ட்ரியாவில் பிறந்த கணித அறிஞர் காலெப் கட்டேன்யோ துவேனுக்கு வந்து பார்த்தார். குச்சிகளைப் பல நாடுகளுக்கும் கொண்டுசேர்த்தவர் அவர்தான்.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் கணக்கு மட்டும் பிடிபடாத பிள்ளைகளும் உண்டே? 1974-ல் செக்கோஸ்லோவாக்கிய உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ்ச் அவர்களைப் பற்றி எழுதினார். மற்ற அறிவில் குறையில்லாத பிள்ளைக்கும் கணக்குத் திறனில் மட்டும் பிறவியிலேயே இடர் இருக்கலாம் என்றார். டிஸ்கால்குலியா என்ற அந்த விளக்கம், மக்கு என்று ஏச்சு வாங்கிய பிள்ளைகளின் பக்கம் நின்றது.

பிறகு இந்தப் பிள்ளைகளின் உதவிக்குக் கணினியும் வந்தது. 2006-ல் மூளை ஆய்வாளர்கள் அன்னா வில்சன், ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் குழு பிரான்ஸில் ‘நம்பர் ரேஸ்’ விளையாட்டை வெளியிட்டது. இரண்டு குவியலில் எது அதிகம் என்று கேட்கும். ஏறக்குறைய நாலில் மூன்று விடை சரியாக வரும்படி கடினத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். தோற்றே பழகியவர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. ஆனால் முதல் சோதனையில் இருந்தவர்கள் 9 பிள்ளைகளே. ஐந்து வாரத்தில் கழித்தலில் தேறினார்கள், கூட்டலில் மாற்றமில்லை. அந்தக் குழுவே அதை மறைக்காமல் எழுதியது.

லண்டனில் கல்வியியல் பேராசிரியர் டயானா லாரிலார்ட் உருவாக்கிய ‘நம்பர் பாண்ட்ஸ்’ விளையாட்டில் வண்ணக் குச்சிகளே திரைக்கு வந்தன. இறங்கிவரும் குச்சி அடியைத் தொடுமுன் அதோடு சேர்ந்து குறித்த நீளத்தை நிரப்பும் ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் நிறமும் நீளமும், பிறகு கூடவே எண், கடைசியில் எண் மட்டும். சிறப்புக் கல்வி வகுப்புகளில் இதை விளையாடிய பிள்ளைகள் நிமிடத்துக்கு 4 முதல் 11 கணக்கு வரை போட்டார்கள். ஆசிரியர் பக்கத்தில் இருந்து மூன்றே பேருக்குச் சொல்லிக்கொடுத்த வகுப்பில் அது 1.4 ஆக இருந்தது என்று லாரிலார்டும் உளவியலாளர் பிரையன் பட்டர்வொர்த்தும் சகாக்களுடன் 2011-ல் எழுதினார்கள்.